கேட்காத ஐந்தாவது வெடி

"தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். கேள்வி கேட்ட விவசாயி வெயிலில் நடந்து வந்தவர். வாயைப் பிளந்தபடி நிற்கிறார். "நம்ம நெலத்துல கெணறு வெட்டினா தண்ணி வருமா?" என்பதுதான் கேள்வி. தருமபுரி ஜில்லாவில் பாதிக் கிணறுகள் இந்த ஒரு பதிலோடுதான் வெட்டப்பட்டிருக்கின்றன. பாதி என்றது அளப்பு. பாலக்கோட்டைச் சுற்றி ஓர் இருபது கிணறு தேறும். ஆனால், பிறந்ததிலிருந்து மாதப்பன் வாயில் "தெரியும்" என்ற சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதில் அளப்பே கிடையாது. சத்தியம்.

பாறையில் வெடி வைத்துக் கிணறு வெட்டும் செட்டுக்கு அவர் மேஸ்திரி. இடது புருவம் பாதிதான் இருக்கும். மீதியை எந்தக் கிணற்று வெடிமருந்து தின்றது என்று கேட்டால் அதுவும் தெரியாது. பாறையை உளியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், உடைந்த சில்லை மோந்து பார்ப்பார். இவ்வளவு செய்கிறவர் ஏதாவது சொல்லப் போகிறார் என்று சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "வெட்டித்தான் பாக்கோணும்" என்று எழுந்துவிடுவார். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்த்து, "கடலு மாதிரி இருக்குது" என்று அடித்துச் சொல்கிற ஆட்களிடம் பாதிப் பேர் போய்விடுவார்கள். மாதப்பனுக்கு அதில் வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. பதில்தான் எல்லாருக்கும் தெரியுமே.

சாமி விஷயத்திலும் இதே கதைதான். கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், உள்ளே போகமாட்டார். "இருந்தா மருவாதி. இல்லாட்டி காலுக்குக் காத்து." பூசாரி வாசலுக்கு வந்து திருநீறு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை, பூசிக்கொள்வதுமில்லை. கையில் ஏந்தியபடியே நடப்பார்; பாதி வழியில் காற்று அந்த வழக்கைத் தீர்த்துவைக்கும்.

இவருடைய செட்டுக்கு ஊரில் "சாமியில்லாத செட்டு" என்று பெயர். நாலு பேரையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்ட பெயர் அது. கூடைக்குள் நாலும் நாலு தினுசு.

தங்கை குள்ளம்மாளின் புருஷன் முனிராஜ் கறுப்புச் சட்டைக்காரன். "இல்ல" என்பான். பூசாரி மூன்று வேளை மணி அடித்தால் இவன் நாலு வேளை "இல்ல" என்பான். கிணற்று மேட்டில் யாராவது எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனால் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, "சாமி புளிப்பா இருக்குது மச்சா" என்று ஏப்பம் விடுவான்.

கயிறு இழுக்கும் சவுரியப்பன் வேதக்காரர். மூத்த பையன் காய்ச்சலில் கிடந்தபோது வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார், பையன் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து கோயில் வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "இல்லாத ஆளுக்கு எதுக்கய்யா மூஞ்சியத் திருப்பறே?" என்று முனிராஜ் சீண்டினால், "இருக்காரு. எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல, அவ்வளவுதான்" என்பார்.

கல் சுமக்கும் காசியம்மாள் மாதப்பனின் மனைவி. அவளுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. "இருந்தா வந்து கூடைக்கு ஒரு கை குடுக்கட்டும். இல்லைன்னா எட்டத் தள்ளி நில்லுங்க, வழி வேணும்."

முனிராஜுக்கு இதில் மாதப்பனைக் கண்டால்தான் ஆகாது. பூசாரியைக்கூட மன்னித்துவிடுவான். "பூசாரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ ரெண்டு பந்தியிலயும் எலை போடற ஆளு மச்சா" என்பான்.

"ரெண்டு பந்தியிலயும் சோறு திங்காத ஆளு மாப்ளே" என்பார் மாதப்பன்.

மழை பொய்த்த எழுபத்து நாலாம் வருஷம் பங்குனியில், பாலக்கோட்டுக்கு மேற்கே ஜானகியம்மாளின் நிலத்தில் வேலை. புதிதாக வந்த சர்க்கரை ஆலையை நம்பி அந்த அம்மாள் கரும்பு நட்டிருந்தார். கரும்பு சோளத்தட்டை மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. கிணறு நல்ல ஆழம். கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கோடை முழுக்க அந்த ஒரு வேலையை நம்பித்தான் செட்டில் எல்லார் அடுப்பும் எரிந்தது.

மத்தியானம் ஐந்து குழிகளில் மருந்து கெட்டித்துத் திரிகளைப் பற்றவைத்துவிட்டு மாதப்பன் மேலே ஏறி வந்தார். எல்லாரும் வேப்பமரத்துக்குப் பின்னால் குந்தி எண்ணினார்கள். நாலு வெடி கேட்டது. ஐந்தாவது கேட்கவில்லை.

வெடிக்காரர்களுக்கு இதைவிடக் கெட்ட அமைதி கிடையாது. இரண்டு குழி ஒரே நேரத்தில் வெடித்து ஒரே சத்தமாகக் கேட்டிருக்கலாம். அல்லது ஐந்தாவது குழி இடிபாட்டுக்கு அடியில் மருந்தோடு உட்கார்ந்திருக்கலாம். யாராவது போய்க் கடப்பாரையை வைக்கிற நேரம் பார்த்து அது வாயைத் திறக்கும்.

"ரெண்டு சேந்து போயிருச்சு" என்றான் முனிராஜ். "மூணாவது சத்தம் கனமா இருந்துச்சு, கேக்கல? உள்ள ஒண்ணுமில்ல."

ஜானகியம்மாள் அதற்குள் கற்பூரம் கொண்டுவந்துவிட்டார். மேட்டில் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, "மாரியாத்தா பாத்துக்குவா. எறங்குங்கப்பா, பொழுது போவுது" என்றார்.

வாழ்நாளிலேயே முதல் தடவையாக முனிராஜும் கற்பூரமும் ஒரே கட்சியில் நின்றார்கள். ஒருத்தர் "ஆத்தா இருக்கா" என்றதும் இறங்கு என்பதற்குத்தான். மற்றவன் "இல்ல" என்றதும் இறங்கத்தான். முனிராஜ் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

மாதப்பன் எழுந்து வந்தார். முனிராஜின் கையைக் கயிற்றிலிருந்து பிரித்தார். கிணற்றுக்குள் தொங்கிய கயிறு முழுவதையும் முழம் முழமாக மேலே இழுத்து, வட்டமாகச் சுருட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மச்சா, பயமா?"

"தெரியல."

"உள்ள மருந்து இருக்குங்கறியா?"

"தெரியல."

"அப்ப இல்லைங்கறியா?"

"தெரியலைங்கறன்ல."

"தெரியல, தெரியல! தெரியாதவன் எதுக்குய்யா மேஸ்திரி?" முனிராஜ் எட்டிக் கயிற்றின் நுனியை இழுத்தான். பெரிய கிணறுகளில் வேலை செய்த மாதப்பன் உடம்பு, நகரவில்லை.

ஜானகியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "இதா பாரு மாதப்பா, எங்கரும்பு உன் ரோசனைக்கு நிக்காது. நாளைக்கே பென்னாகரத்துச் செட்டுக்கு ஆளனுப்பறேன். அப்புறம் என்னையக் கொறை சொல்லாத."

"அனுப்புங்கம்மா. இப்ப ஒரு வண்டி தண்ணி மட்டும் வேணும். மேலிருந்து ஊத்தி நனைக்கோணும். நனைஞ்ச மருந்து வெடிக்காது. காலையில நான் எறங்கிப் பாக்கறேன்."

"கெணத்துலேர்ந்து தண்ணி எடுக்கக் கூப்புட்டா, கெணத்துக்கே தண்ணி ஊத்தறீங்களா? நாங் குடிக்கற தண்ணிய!" அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் வண்டியை அனுப்பினார். பீப்பாயில் வந்த தண்ணீரைக் காசியம்மாள் குடம் குடமாகச் சரித்தாள். பக்கத்து வயல்காரர்கள் மேட்டில் நின்று சிரித்தார்கள். காய்ந்த கரும்புக்கு நடுவில் வெறுங்கிணற்றுக்குத் தண்ணீர் வார்க்கும் செட்டை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

விடிந்ததும் மாதப்பன் தனியாக இறங்கினார். கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஐந்தாவது குழியைக் கண்டுபிடித்து, கையை விட்டுத் துழாவினார். வந்தது ஒரு கை கறுப்புச் சேறு. அதை அப்படியே மேலே கொண்டுவந்தார்.

"நனைஞ்ச மருந்து! ஆத்தாதான் காப்பாத்துனா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஜானகியம்மாள்.

"வெடிச்ச கரி! நான் நேத்தே சொல்லல?" என்றான் முனிராஜ்.

சவுரியப்பன் சேற்றை எட்டிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காசியம்மாள் கூடையை எடுத்தாள்.

மருந்தும் கறுப்பு, கரியும் கறுப்பு. அவ்வளவு தண்ணீர் ஊற்றியபிறகு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். மாதப்பன் மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் காட்டித் தேய்த்துப் பார்த்தார். பிறகு கையைக் கோவணத்தில் துடைத்துக்கொண்டு, "தெரியலீங்க" என்றார்.

ஜானகியம்மாள் சொன்னபடியே செய்தார். பென்னாகரத்துச் செட்டு வந்தது. இன்னும் பத்தடி கீழே அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது, பேரும் அவர்களுக்கே. மாதப்பனின் ஆட்கள் அந்தக் கோடையைத் தக்காளி மண்டியில் கூடை தூக்கிக் கழித்தார்கள். கரியா மருந்தா என்ற சண்டை இன்றைக்கும் டீக்கடையில் ஓடுகிறது. முனிராஜ் கரி கட்சி. மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிற கையில் ஐந்து விரலும் இருக்கின்றன.

அன்று மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் கயிற்றின்மேல் உட்கார்ந்து மாதப்பன் முனிராஜுக்குச் சொன்னது "தெரியல" என்ற ஒரே சொல்தான் என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் நான் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது, புளி தட்டிக்கொண்டிருந்த காசியம்மாள் கொட்டாப்புளிக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"சத்தியம்னு வேற எழுதிட்டீங்களா? மொதல்ல அதை அடிங்க. ஒருதரம் சொன்னாருங்க. நான் கொடத்தோட பக்கத்துலதான் நிக்கறேன். இந்த முனிராசு, 'செத்தா நானு சாவறேன், உனக்கென்ன'ன்னு கயித்தைப் புடிச்சு இழுக்கறான். அப்ப சொன்னாரு: 'குழியில மருந்து இருக்குதா, தெரியாது. மேல ஒருத்தன் இருக்கறானா, அதுவும் தெரியாது. நீ போயிட்டா என் தங்கச்சி தாலிய அறுத்துப்புட்டு என் வூட்டு வாசல்ல வந்து நிப்பா. அது தெரியும்டா'ன்னாரு. அவன் கயித்தை வுட்டுட்டான். இவரு கொஞ்சம் நவுந்து, அவனுக்கும் அந்தக் கயித்து மேலயே எடம் வுட்டாரு."