அப்பாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள்

லியென்ஜூவின் அப்பா லாய் மாமா ஒருநாள் காலை தன் கடைக்குள் நின்றபடியே எழுத்தை மறந்துபோனார். நான் அப்போது எதிரில்தான் நின்றிருந்தேன். என் நூடுல்ஸ் கடைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்ததால் ஒரு வாஷர் வாங்கப் போயிருந்தேன்.

எங்கள் யுவான்லின் ஊரின் ஸ்டேஷன் சாலையில் அவர்களுடையது பழைய ஹார்டுவேர் கடை. கீழே கடை, மேலே வீடு. கடையின் பின்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் மாமா தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார் என்று சொல்வார்கள். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு சுவரையே வெறித்துப் பார்த்தார். பிறகு திரும்பி மகளிடம் கத்தினார்.

"ஏய், யாரு இந்தச் சீட்டையெல்லாம் மாத்தினது? என்ன பாஷை இது?"

"யாரும் மாத்தலப்பா. நீங்க எழுதினதுதான்."

"நான் எழுதினதா? என்கிட்டயே கதை விடுறியா?"

ஒரு இழுப்பறையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். ஆணிகள் என் செருப்பு வரை உருண்டு வந்தன. அவர் வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரால் நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை.

லியென்ஜூவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வணிகப் பள்ளி முடித்த கையோடு கடையில் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தம்பி ஜுன்தே படிக்க வேண்டும், கடைக்கு ஆள் வேண்டும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா போனபிறகு அப்பாவுக்குச் சமைக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு வரன் வந்தது, இரண்டையும் மாமா தட்டிக் கழித்தார். தம்பி தாவோயுவானில் ஒரு கம்பெனியில் மேலாளர். மனைவி, மகன், சொந்தக் கார் என்று இருந்தான்.

பக்கவாதம் என்று மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜுன்தே ஒரு பெட்டி ஜப்பான் ஆப்பிளோடு வந்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் கிளம்பும்போது, "அக்கா, நீ இருக்கிறதால எனக்குக் கவலையே இல்ல" என்றான். அந்த வார்த்தையை அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் கொடுமை.

பேச்சு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. எழுத்து திரும்பவில்லை. பேப்பரைக் கொடுத்தால், மழை பெய்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த இளம்பெண், முதல் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்து அட்டைகளை வாங்கி வரச் சொன்னாள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் அந்தச் சொல்லுக்கான சீன எழுத்து. பார்ப்பது மட்டும் போதாது, விரலால் கோடு கோடாக எழுதிப் பார்க்கவேண்டும், கண் மறந்ததைக் கை ஞாபகம் வைத்திருக்கும் என்றாள். அதிகக் கோடுகள் சிரமமாக இருந்தால் சீனாவில் எழுதுகிறார்களே, அந்தச் சுருக்க எழுத்தைச் சொல்லித் தரலாமே என்றும் கேட்டாள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கை காலை வெட்டிப்போட்ட எழுத்தை நான் எழுதணுமா? முழுசா எழுதுறேன். இல்லன்னா எழுதல."

லியென்ஜூ தினமும் மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அட்டைகளோடு உட்காருவாள். நான் சூப் கொண்டுபோகும்போதெல்லாம் பார்ப்பேன். மலை, தண்ணீர், மனிதன், நெருப்பு என்று போகும். வாய் என்ற எழுத்து வெறும் சதுரம். அதைக் காட்டினால் மாமா ஜன்னல் என்பார்.

"வாய்ப்பா. இதோ, வாய்."

"வாயின்னா ஏன் திறந்தே கிடக்குது? உன் வாய் மாதிரி."

"சரி, எழுதுங்க."

"உன் கையெழுத்தப் பாத்து எழுதினா எனக்கும் கோழி கிண்டினாப்புலதான் வரும்."

அவளுடைய கையெழுத்து அப்படி மோசமில்லை. ஆனால் சின்ன வயசிலிருந்தே அதைச் சொல்லித்தான் அவளைக் குட்டுவார். தன் விரலால் அவர் விரலைப் பிடித்து, அவர் உள்ளங்கையில் அவள் கோடு இழுப்பாள். அத்தனை வயசில் அப்பாவின் கையை அவள் அவ்வளவு நேரம் பிடித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவர் சில நாள் அட்டையைத் தூக்கி எறிவார். ஒருநாள் நாய் என்ற எழுத்தும் பெரியது என்ற எழுத்தும் ஒரே புள்ளியில்தான் வேறுபடுகின்றன என்பதைப் பிடிக்கமுடியாமல் அழுதார். அவர் எறிந்த அட்டைகளை இவள் பொறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மறுநாள் மறுபடி ஆரம்பிப்பாள்.

புத்தாண்டு வசந்த விழாவுக்கு முன்னால் கடைச் சீட்டுகளில் பாதியைப் படிக்க ஆரம்பித்தார். கடையில் வாங்கிய அட்டைகள் தீர்ந்துபோனதால் லியென்ஜூ பழைய திருகுப் பெட்டிகளை வெட்டி, கறுப்பு மார்க்கரில் தானே எழுதினாள். அப்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. என் கடைக்கு வந்து, "இன்னிக்கு 'திருகாணி' படிச்சிட்டாருடி" என்பாள், பிள்ளை பெற்றவள் மாதிரி.

பிறகு மாமாவே எழுத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"வீடுங்கிறத எழுது." எழுதினாள். "நிலம்." எழுதினாள். "சாலை, எண்." அதையும் எழுதினாள். விலாசம் எழுதக் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் "உரியதாகட்டும்" என்ற எழுத்தைக் கேட்டார். பதினெட்டுக் கோடு. பேப்பரில் தினசரி வருகிற சொல் இல்லை.

"இது எதுக்குப்பா?"

"கேட்டா சொல்லிக் கொடு. வாத்தியாரம்மாவா நீ, கேள்வி கேக்குற?"

அதற்கடுத்து 'வாரிசு' என்றார்.

அன்றைக்கு அவள் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். நூடுல்ஸைத் தொடவில்லை.

"முடி வெட்ட வர்ற சலூன்காரர் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காரு. முழு உயிலையும் சொந்தக் கையால எழுதினா சாட்சியே வேண்டாமாம். வேற யாரையாவது எழுதச் சொன்னா மூணு பேரு பக்கத்துல உக்காரணும், தெருவுக்கே தெரிஞ்சிடுமாம்."

"மாமா உன்கிட்ட சொன்னாரா?"

"சொல்லல. 'மூத்த மகள்'னு இதுவரைக்கும் ஒரு அட்டை கேக்கல. நான் என்ன முட்டாளா?"

"எழுதிக் கொடுக்காத. எனக்குத் தெரியாதுன்னு சொல்லு."

"அகராதி இருக்கே. வாங்கிட்டு வான்னு என்னைத்தானே அனுப்புவாரு." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் திரும்பப் பார்க்க விரும்பவில்லை.

அடுத்து அவர் கேட்டது ஜுன்தேயின் பெயர். பெயரெழுத்துகள் இரண்டையும் அடுத்தடுத்து, பெரிதாக எழுதித் தரச் சொன்னார்.

லியென்ஜூ ஒரு அட்டையை வெட்டினாள். மார்க்கரை எடுத்தாள். தன் பெயரை எழுதினாள். அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, "இதுதாம்பா ஜுன்தே" என்றாள்.

திட்டம் போட்டுச் செய்தாயா என்று பிற்பாடு கேட்டேன். இல்லை, கை தானாக எழுதியது என்றாள். நான் நம்பவில்லை. நம்பாததில் எனக்கு வருத்தமும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன்.

மாமா அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். அதுவரை எந்த அட்டையையும் அப்படிப் பார்த்ததில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது கிண்ணத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார். பல் குச்சியால் மேசைத் தூசியில் எழுதினார். வலது கை நடுங்கினால் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியை வெளியே நீட்டி, ஒவ்வொரு கோடாக, கோணாமல் எழுதினார். நான் போனபோதுகூட ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். தாள் முழுக்க லியென்ஜூ, லியென்ஜூ, லியென்ஜூ.

"எப்படி இருக்கு எம் மகன் பேரு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் இழுப்பறையில் எதையோ தேடுவதுபோல் முதுகைக் காட்டி நின்றாள்.

"அழகா இருக்கு மாமா" என்றேன்.

ஒரு வாரம் இப்படிப் போனது. அவள் சரியாகத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பயமா, ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு மதியம், எழுதிக்கொண்டே இருந்தவர் பேனாவை வைத்துவிட்டுத் தாளைத் தடவினார்.

"நல்ல பேருதான் வெச்சிருக்கேன். அவன் பொறந்தப்போ எத்தனை பேரப் பாத்துக் கேட்டு, கோயில்ல சீட்டுப் போட்டு வெச்ச பேரு தெரியுமா? எழுத எழுத கை இனிக்குது."

"எம் பேரு?"

"உன் பேரா? அது உங்க அத்தை ஏதோ சொன்னா. அதையே பதிவு ஆபீஸ்ல எழுதிட்டு வந்தேன். யாரு யோசிச்சா?"

லியென்ஜூ அவர் கையிலிருந்த அட்டையை வாங்கினாள்.

"இது என் பேருப்பா. ஜுன்தே இல்ல. லியென்ஜூ. நீங்க ஒரு வாரமா எழுதினது என் பேரு."

மாமா தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் அடிப்பார், கத்துவார், இல்லாவிட்டால் அழுவார் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு முப்பது வருஷத்துப் பேச்சு அவளிடம் இருந்தது.

"அப்போ இந்த வாரம் பூரா வீணாப் போச்சா?" என்றார் அவர்.

அவள் அட்டையைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"சரியானத எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் அதை உடனே நம்பவில்லை. ஜுன்தேயின் பழைய பள்ளிச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தார். அதன்பிறகு அவள் கொடுத்த ஒவ்வொரு அட்டையையும் பக்கத்து ஃபோட்டோ ஸ்டுடியோ பையனிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டார். அவள் முன்னாலேயே கேட்டார்.

முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யும் நாளுக்குப் பிறகு ஒரு காலையில் உட்கார்ந்து உயிலை எழுதினார். மதியம் வரை ஆனது. வலது கையில் பேனா. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தாக வேண்டும். அதனால் தாள் நகர்ந்துகொண்டே இருந்தது.

"ஏய், வந்து தாளைப் பிடி."

அவள் போய்ப் பிடித்தாள். தன் கட்டைவிரலுக்குக் கீழே வீடு, நிலம், கடை எல்லாம் வரிசையாகத் தம்பிக்குப் போவதைப் படித்துக்கொண்டே பிடித்திருந்தாள். ஓரிடத்தில் அவர் ஒரு கோட்டை விட்டுவிட்டார். "அப்பா, இங்க ஒரு கோடு போடணும்" என்று இவள்தான் சொன்னாள். இதைக் கேட்டபோது எனக்கு அவளை அறையவேண்டும்போல் இருந்தது.

"ஏண்டி சொன்ன?"

"தப்பா இருந்துச்சு, சொன்னேன்" என்றாள்.

அதற்குப்பிறகு மாமா புது எழுத்து எதுவும் கேட்கவில்லை. அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபிறகு எழுத்து மறுபடி போனது, பேச்சும் போனது, படுக்கையிலேயே எல்லாம். அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சியை வடிகட்டி ஊட்டியது அவள்தான். ஜுன்தே மாதம் ஒருமுறை வீடியோவில் பேசுவான். அவன் முகத்தைப் பார்த்ததும் கிழவரின் கண்ணில் நீர் வழியும். ஃபோனைப் பிடித்திருப்பவள் பக்கம் அந்தக் கண் திரும்பாது.

அவர் போய் நாற்பத்தொன்பது நாள் துக்கம் முடிந்ததும் ஜுன்தே கடையை விற்க ஆள் கூட்டிவந்தான். "அக்கா, அவசரமில்ல, அடுத்த மாசம் காலி பண்ணா போதும்" என்றான். உயில் எப்படி இருந்தாலும் மகளுக்குச் சட்டப்படி கால் பங்கு உண்டு என்று நான் அவளை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் மறுக்கவில்லை, கேட்டாள், வாங்கினாள். அதற்காக ஜுன்தே நிலப்பதிவு அலுவலக வாசலில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னான்:

"அப்பாவே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு. அவரு கையெழுத்த மதிக்கத் தெரியாதாக்கா உனக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

இப்போது ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டுமானப் பொருள் கடையில் பெயிண்ட் பிரிவில் நிற்கிறாள். சீருடை கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் சின்ன வீடு. தம்பி அதன்பிறகு பேசவில்லை. புத்தாண்டுக்கு என் வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவாள், பாத்திரம் கழுவித் தருவாள். போன தடவை கொஞ்சம் மது உள்ளே போனபிறகு கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீ வாயத் திறக்காம இருந்திருந்தா, எல்லாமே உன் பேர்ல இருந்திருக்குமேடி."

கையிலிருந்த தட்டைத் துடைத்தாள்.

"அவர் அவ்வளவு ஆசையா எழுதினாருடி" என்றாள். "அந்த ஆசை எனக்கில்லன்னு தெரிஞ்சுக்கிட்டே எவ்வளவு நாள் பாத்துட்டிருக்கிறது?"

தட்டை அடுக்கில் வைத்துவிட்டு, மறுநாள் காலை ஷிஃப்ட் என்று சொல்லிக் கிளம்பிப் போனாள்.