எப்சிபாவும் கஞ்சியும்

புது அயோடின் டிஞ்சர் பாட்டிலைத் திறந்து எப்சிபா முதல் சொட்டு விட்டது, மெடிக்கல் கடைக்காரர் கடித்து வைத்திருந்த பன்னில். பன் கண்ணெதிரே நீலம் பாரித்துக் கறுத்தது. கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், “நல்ல சரக்குதாண்ணா. போன தபா குட்த்தது வெறும் தண்ணி” என்று சொல்லிப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பார்க்க ஓடினார். அவருடைய வேலையைப் பற்றி எழுத வந்திருந்த நானும் ஓடினேன். எப்சிபாவோடு நின்று நிதானமாகப் பேசியவர்கள் பழவேற்காட்டில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் இருக்கும் தோணிரேவுக் குப்பத்தில் மற்ற வீட்டு வாசல்களில் வலை காயும். இவர் வீட்டு வாசலில் துணி காயும். தறியில் பாவு நூல் அறாமல் இருக்க அதற்குக் கஞ்சி தோய்த்துத்தான் ஏற்றுவார்கள். நெய்து முடித்த பிறகும் அந்தக் கஞ்சி துணியிலேயே இருக்கும். அதை எடுக்காமல் சாயத்தில் முக்கினால் ஓரிடம் குடிக்கும், ஓரிடம் குடிக்காது; தேமல் விழுந்த முதுகு மாதிரி துணி வெளியே வரும். ஆரம்பாக்கத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கிற தேசப்பன் கொண்டுவந்து போடும் துணியை, அவரே வாங்கிப் போட்ட தொட்டியில், அவர் தரும் ஒரு பொடியைக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசிக் கொடுப்பது எப்சிபாவின் வேலை. கஞ்சி போயிற்றா என்பதை டிஞ்சர் சொல்லிவிடும். நீலம் வந்தால் போகவில்லை.

“சூடு பத்தலன்னா அந்தப் பொடி தூங்கிரும். ஏறிப்போச்சின்னா செத்துரும். இதுல நான் எங்க ஒக்கார்றது?”

உண்மைதான். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போய்த் தொட்டியில் விரல் விட்டுப் பார்ப்பார். அந்தக் கையாலேயே அடுத்த வாயும் சாப்பிடுவார். என்னை முதன்முதலாகப் பார்த்தபோது வணக்கத்துக்குப் பதில் என் சட்டை நுனியைக் கசக்கிப் பார்த்து, “கஞ்சி கீது” என்றார். அவருடைய கணவர் ஜெரோம் ஏரியில் மீன் பிடிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொடமொடவென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர். ஒரு ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தக் காலரிலும் எப்சிபா ஒரு சொட்டு விட்டுவிட்டார். ஆராதனை முடியும்வரை பின்வரிசைக்காரர்கள் அந்த நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வீட்டில் பல நாள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆட்டோவில் வரும்போது தன் வலது கையைக் காட்டினார். ஒரு விரல் மடங்கவில்லை. இந்த வேலைக்கு முன்பு ஏரிக்குள் தவழ்ந்து போய்ச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவர். கெளுத்தி மீன் முள் ஏறி முழங்கை வரை வீங்கி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது.

“போன தபா லாரி தண்ணி வரல. உப்புத் தண்ணில அலசிட்டேன். துணி திட்டுத் திட்டா போச்சி. இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்னு தேசப்பன் சொல்லிட்டாரு. இது போச்சின்னா எனக்கு இன்னா கீது? மறுபடியும் ஏரிதான்.”

அவர் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான். ஏரி தெரிந்த பக்கம் பார்க்காமல் அவர் திரும்பிக்கொண்டார்; நானும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் தேசப்பனின் வேன் வந்து நின்றிருந்தது. காலையில் அலசிக் கொடியில் போட்ட துணியை ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது பக்கத்து வீட்டு அம்மணியிடம். ஏரியைவிட்டு உள்ளே தள்ளி, நெல் விளையும் ஊரிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண். துணியை அழகாக மடித்தே அடுக்கியிருந்தாள். எப்சிபா மேல் துணியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

“இன்னாடி பண்ண?”

“தொவண்டு போய்த் தொங்கிச்சிக்கா. மனசு கேக்கல. ஊட்ல வடிகஞ்சி இருந்துச்சி, தண்ணி கலந்து முக்கிக் காயப் போட்டேன். இப்ப பாரு, ஸோக்கா நிக்குது.”

“எல்லாத்தையுமா?”

“கொஞ்சந்தாங்கா. எதுன்னு நெனப்பில்ல.”

அம்மணியைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்த வீட்டில் துவைத்த துணி கஞ்சி காட்டாமல் கொடி ஏறியதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது; வேனைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

தேசப்பன் போனில் யாரோடோ பேசியபடி ஒரு துணிக்கட்டைத் தூக்கி வேனில் வைத்தார். பிரித்துப் பார்க்கவே இல்லை. எப்சிபா வாயை மூடிக்கொண்டிருந்தால் வேன் கிளம்பியிருக்கும். அவரோ ஓடிப்போய்க் கட்டைப் பிரித்து, தேசப்பன் கண்முன்னால் டிஞ்சரை விட்டார். நீலம்.

“எறக்குண்ணா. கஞ்சி கீது.”

“இன்னாம்மா வெளாட்றியா?”

“நாந்தாண்ணா சரியா கவனிக்கல.”

தேசப்பன் போனைப் பையில் போட்டார். துணியையும் எப்சிபாவையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்குக் காத்தால வருவேன். அப்பவும் நீலம் வந்துச்சி, துணியோட தொட்டியையும் ஏத்திக்கினு போயிருவேன்” என்று சொல்லி, கட்டை இறக்கிப் போட்டுவிட்டு வேனை எடுத்தார்.

லாரித் தண்ணீர் மறுநாள் மதியம்தான் வரும். குழாயில் வருவது உப்பு. எப்சிபா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்த குடிதண்ணீர்க் குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து தொட்டியில் கொட்டினார். தொட்டி பாதிகூட நிறையவில்லை. குடிக்க ஒரு செம்பாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை.

சுவரோரம் அழுதுகொண்டு நின்ற அம்மணியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் தன் வீட்டுக் குடத்தை இடுப்பில் சுமந்து வந்து, உள்ளே வரத் துணிச்சல் இல்லாமல் படலருகே நின்றாள்.

எப்சிபா போய்க் குடத்தை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தார். காலிக் குடத்தை அவள் இடுப்பிலேயே வைத்தார். நழுவிக் கிடந்த அவள் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, அடுத்த குடத்துக்காக அவளை அவள் வீட்டுப் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டார்.