முள் மூன்றா, நான்கா

அந்த ஜாடி ஒரு சாண் உயரம் இருக்கும். கார்க்கு மூடி, மூடியைச் சுற்றி மெழுகு. உள்ளே சாராயத்தில் ஊறிக்கொண்டு ஒரு கடல் பிராணி. ஓரணாக் காசு அளவு வட்டமான உடம்பு, அதிலிருந்து பாம்புவால் போல நீளும் ஐந்து கைகள். அதன் பக்கத்தில், சாராயத்துக்குள்ளேயே, பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு கிடக்கும். மையால் எழுதினால் கரைந்துவிடுமாம். பிடித்த இடமும் ஆழமும் அதில் இருந்தன. பெயர் எழுதவேண்டிய கோடு காலியாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல், தினமும் காலையில் அந்த ஜாடியைத் துடைத்தவன் நான்.

யுத்த காலம் அது. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து சர்க்கார் ஆபீஸ்களை உள்நாட்டுப் பக்கம் மாற்றினார்கள். கடல் உயிர்களை ஆராய்கிற ஓர் அதிகாரியை, முந்நூறு ஜாடிகளோடு சேலத்துக்கு அனுப்பினார்கள். அவருடைய புத்தகங்களை வேறோர் ஊருக்கு அனுப்பினார்கள். மைக்ராஸ்கோப் எந்த ஊருக்குப் போனது என்று யாருக்குமே தெரியவில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் எவனோ, அவன் மடையன். சூரமங்கலத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு பிடித்தார்கள். எடுபிடிக்கு ஆள் தேடினார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது, எட்டாவது படிப்பு, வேலை இல்லை. போய்ச் சேர்ந்தேன். அவரை நான் ஐயா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வாடை அப்படி. என் பெண்சாதியே என் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பாள். அவர் யாரோடும் பேசிப் பழகவும் இல்லை. பேசினாலும் எதைப் பேசுவார்? ராமேசுவரத்துப் பக்கம் இன்றைக்கு எத்தனை மணிக்குக் கடல் தண்ணீர் வற்றும் என்பது அவருக்குத் தெரியும். தினமும் அந்த நேரத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில் பாதையோரம் குனிந்தபடி நடப்பார். கடற்கரையில் பிராணி தேடுகிற மாதிரியே சரளைக்கல்லைப் புரட்டிப் பார்ப்பார். தண்டவாளம் மாற்றுகிற பாயிண்ட்ஸ்மேன்கள் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சேலத்து வெயில் ஜாடிகளுக்கு ஆகவில்லை. மூடி எத்தனை இறுக்கமாக இருந்தாலும் சாராயம் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்தது. ஊற்றி நிரப்பச் சாராயம் வேண்டும். எங்கள் ஜில்லாவில்தான் முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஐயா எழுதிக் கொடுத்த மனுவோடு நான் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனையோ முறை நடந்தேன். அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு நான் வந்தாலே கொண்டாட்டம்.

"வாய்யா வா. குடிக்கிறது மீனா, உங்க ஐயாவா?"

"மீனுதானுங்க."

"அப்போ மீனை வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். சீட்டு வரவில்லை.

அதனால் ஐயா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமைதோறும் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு ஜாடியை எடுப்பார், வைப்பார், இன்னொன்றை எடுப்பார். கடைசியில் ஒன்றை என்னிடம் நீட்டி, "இது போகட்டும் தம்பி" என்பார். அதிலிருக்கும் சாராயத்தை வடிகட்டி மற்ற ஜாடிகளுக்குப் பங்கிட்டு ஊற்றவேண்டும். உள்ளே இருந்த பிராணியைக் கொல்லையில் புதைக்கவேண்டும். பன்னிரண்டு வருஷம் கட்டுமரத்திலும் படகிலும் போய்ச் சேர்த்தவை. நான் குழி வெட்டும்போது அவர் வரமாட்டார். ஐந்து கைப் பிராணியை மட்டும் அவர் இந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது ஒன்றே ஒன்றுதான் கிடைத்ததாம். உலகத்தில் யாரும் இதுவரை எழுதாத ஜாதி என்றார். உடம்பை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துவிட்டார். கைகளுக்கு வெறும் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார். மைக்ராஸ்கோப் வரட்டும் என்று காத்திருந்தார்.

சித்திரை மாதம், அனுமதிச் சீட்டுக்காகத் தாமே மேலதிகாரியைப் பார்க்கக் கோயமுத்தூர் போனார். போய்ப் பத்து நாள் ஆகியும் வரவில்லை. அந்த ஜாடியில் சாராயம் இறங்கி, மேலே இரண்டு கைகள் வெளியே தெரிந்தன. வேறு எந்த ஜாடியைக் காலி செய்வதென்று எனக்குத் தெரியாது. என் மச்சான் சேந்தமங்கலத்துக்காரன். மலையடிவாரத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களைத் தெரிந்தவன். எண்ணெய் டின்னில் கொண்டுவந்தான்.

"ஏன் மாப்ள, ஊட்ல விருந்தா?"

"மீனுக்குடா."

"எந்த மீனுக்கு?"

"செத்த மீனுக்கு."

"செத்த பொறவும் குடிக்குதா? குடுத்து வெச்ச மீனு!"

நான் அந்த ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. மற்ற ஜாடிகளுக்கு ஊற்றவில்லை, அந்தமட்டும் தப்பியது.

ஐயா மறுவாரம் வெறும் கையோடு வந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு அந்த ஜாடியிடம் போனார். மூடியைத் திறந்து மோந்தார். இடுக்கியால் மெல்லத் தூக்கினார். உடம்பு மட்டும் வந்தது. கைகள் அடியில் கஞ்சிக்குள் சோறு போலக் கிடந்தன.

"யார் ஊத்துனது?"

"நாந்தாங்க. காஞ்சு போயிருமேன்னு…"

"இதோட கை, முள்ளெல்லாம் சுண்ணாம்பு, தம்பி. இந்தச் சரக்குல புளிப்பு இருக்கு. கரைச்சிருச்சு."

அடித்திருக்கலாம். 'வெளியே போடா நாயே' என்றிருக்கலாம். நான் அதற்குத்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கைகள் வெறும் கோடாக இருந்த பக்கத்தைத் திருப்பினார். பென்சிலைச் சீவிக்கொண்டு என் பக்கம் பார்த்தார்.

"தினமும் துடைச்சியே, தம்பி. கையோட ஓரத்துல வரிசையா முள்ளு இருக்கும், அதை எண்ணித்தான் ஜாதி பிரிக்கணும். ஒரு கணுவுக்கு மூணா, நாலா?"

இவ்வளவு படித்த மனுஷர் என்னைக் கேட்கிறார். அவருக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

"நாலுங்க" என்றேன்.

"ஒரு பக்கம் மட்டும் நாலா? ரெண்டு பக்கமும் சேர்த்தா?"

நான் கண்ணாடியைத்தான் துடைத்தேன். உள்ளே பார்த்ததே இல்லை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, விடு" என்று நோட்டை மூடினார்.

மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் திருட்டுச் சாராயம் என்று எழுதினால் நான் ஜெயிலுக்குப் போகவேண்டும். 'என் கவனக்குறைவால் கெட்டது' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. யுத்த காலத்தில் ஒரு புழு போனால் என்ன என்று ஒருவனாவது அவருக்கு ஆறுதல் சொன்னானா என்றால் அதுவும் இல்லை. அடுத்த தை மாதம் மிச்ச ஜாடிகளோடு அவரைக் கடற்கரைக்குத் திருப்பி அனுப்பினார்கள். வண்டியேறும்போது என் தோளைத் தட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அவர் மேல் கோபம்தான். திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

அவர் காலமாகிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தப் பிராணியை வேறு யாராவது பிடித்துப் பெயர் வைத்தார்களா, தெரியாது. எனக்கு இப்போது ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். சுவரில் பல்லி நின்றால் காலில் எத்தனை விரல், மரவட்டை போனால் எத்தனை கணு, தும்பைப் பூவுக்கு எத்தனை இதழ் என்று குனிந்து எண்ணுகிறேன். ஒரு பக்கம் எத்தனை, இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை என்றுகூடச் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.