பெண் பார்க்க வந்த வேனில் ஒரு கம்பித் துண்டு

எதிரணியை மறுமொழியின்றி உட்கார வைப்பதே விவாத மேடையில் நான் கற்ற கலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நாட்களில், அதை எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒருமுறை நிகழ்த்தினேன்.

அக்காவைப் பெண் பார்க்க, கண்டியிலிருந்து புசல்லாவைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. முன்பு வந்தவர்கள் எல்லோரும் பலகாரம் தின்றுவிட்டு, பெண்ணுக்கு வயது கூடிவிட்டது என்று தரகரிடம் சொல்லியனுப்பியவர்கள். வாகனங்களுக்கு ஏசி திருத்தும் கராஜ் வைத்திருந்த இந்த மாப்பிள்ளையைப் புகைப்படத்தில் பார்த்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

"வளைவுல அம்மாவுக்கு வாந்தி வந்துருச்சுங்க," என்றார் மாப்பிள்ளை, கதிரையில் அமர்ந்தபடி. "கம்பளை தாண்டினதும் வேன்ல ஏசி நின்னுருச்சு. பிரஷர் சுவிட்ச்சைக் கழட்டி, வயர் ரெண்டையும் கம்பியால சேர்த்து, குளிர வச்சுக் கூட்டியாந்தேன். நம்ம கராஜ்ல அப்படித்தான், மச்சான்."

"மச்சான் முறை இன்னும் வரவில்லை," என்றேன். தரகர் இருமினார்.

எழுந்து நின்றேன், அமர்ந்து வாதாடும் பழக்கம் எனக்கில்லை. அந்தச் சுவிட்ச்சுக்குள் ஒரு மெல்லிய தகடு உண்டு. குழாயில் ஓடும் குளிரூட்டி வாயு அதை அழுத்துகிறது. வாயு கசிந்து அழுத்தம் குறைந்தால், அதோடு ஓடும் எண்ணெய் கம்ப்ரசருக்குப் போய்ச் சேராது, அது இறுகிவிடும். ஏற்றத்தில் காற்றோட்டம் குன்றி அழுத்தம் எல்லை மீறினால், குழாய் வெடிக்கலாம். இரண்டு நிலையிலும் சுவிட்ச் மின்சாரத்தை அறுத்து கம்ப்ரசரை நிறுத்துகிறது. புதிய வாகனங்களில், சுவிட்ச்சுக்குப் பதில் ஓர் உணரி அந்த அழுத்தத்தை ஓயாமல் அளந்து கணினிக்குச் சொல்கிறது. இவற்றையெல்லாம் வந்திருந்தோர் அனைவருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தேன்.

"பெற்ற தாய் ஏறிய வண்டியிலேயே காவலை அகற்றியவர் இவர். இவரை நம்பி ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது?"

தேத்தண்ணிக் கோப்பைகள் வைத்த தட்டுடன் அக்கா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கேஸ் கொஞ்சம் கம்மிதான்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"தெரிந்தேவா செய்தீர்கள்?"

அவர் தலை குனிந்தார். அவருடைய தாயார் எழுந்தார். "பொண்ணு பாக்க வந்தோமா, பட்டிமன்றம் கேக்க வந்தோமா? எந்திரிடா!"

வெளியே போன மாப்பிள்ளை வேனின் முன்மூடியைத் திறந்து, அந்தக் கம்பித் துண்டைப் பிடுங்கி எறிந்தார். பிறகு கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, தாயாரை ஏற்றிக்கொண்டு ஓட்டிச் சென்றார். அக்கா ஜன்னலோரம் நின்று பார்த்திருந்தாள்.

"அத்தனை பேர் முன்னால நீ அவமானப்படுத்தியும், சொன்னதைக் கேட்டுக் கம்பியப் பிடுங்கிட்டுப் போறாரு," என்றாள். "இப்படி ஒருத்தர் இனி எனக்கு எங்க கிடைப்பாரு?"

"என் வாதத்தில் பிழை எங்கே? அதைச் சொல்."

"பிழையே இல்ல," என்றபடி, ஆறிப்போன தேத்தண்ணியை ஒவ்வொரு கோப்பையாகச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

தரகர் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.