பெல்பாஸ்ட் யாருடைய ஊர்?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதில் உனக்கென்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரி, ஆக்லாந்துக்கு வந்து இருபது வருடமாகிறது. ஒனிஹங்காவில் ஆட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கப்பலுக்கான பத்திரங்கள் தயாரிக்கிறேன். அவர்கள் சண்டை அவர்களோடு என்றுதான் நினைத்தேன். அந்தச் சண்டை பூமியின் அந்தக் கோடியிலிருந்து இங்கே வந்து, என் பக்கத்து மேசைக்காரரை வேலையை விட்டுத் துரத்தும் என்று யார் கண்டது?

முதலில் ஒதுக்கீட்டில் கை வைத்தார்கள். நியூசிலாந்து ஆட்டிறைச்சி வரியில்லாமல் இவ்வளவு வரலாம் என்று ஐரோப்பாவோடு பழைய உடன்பாடு ஒன்று இருந்தது. பிரிந்துபோன இரண்டு பேரும், விவாகரத்தில் அண்டா குண்டாவைப் பங்கு போடுவது போல, அந்த அளவை ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். பாத்திரம் யாருடையது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வெலிங்டனிலிருந்து ஆட்சேபம் போனது. ஆபீசில் நாங்கள் ஒரு வாரம் திட்டினோம், பிறகு பழகிவிட்டோம்.

அடுத்தது வடக்கு அயர்லாந்து. அது பிரிட்டனின் நிலம். அதற்குத் தெற்கே உள்ள அயர்லாந்து ஐரோப்பாவோடு நிற்கிறது. நடுவில் போகும் வீதியில் சோதனைச் சாவடி போட்டால் பழைய ரத்தம் மறுபடியும் ஓடும் என்று பயந்து, சாவடியைக் கொண்டுபோய்க் கடற்கரையில் வைத்தார்கள். ஆகவே ஊர் பிரிட்டனுடையது, அங்கே இறங்கும் இறைச்சிக்குச் சட்டம் ஐரோப்பாவுடையது. கையெழுத்துப் போட்ட பிறகும் இது எங்கள் மண் என்று ஒரு பக்கமும், போட்ட கையெழுத்து என்னாயிற்று என்று மறு பக்கமும் வருடக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். ஒரு வீதியில் சாவடி வந்துவிடக் கூடாது என்று இத்தனை நாடுகள் நித்திரை முழித்தன. நான் எங்கள் யுத்த காலத்தில் ஓமந்தைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிக் காட்டிக் கை சலித்தவள். எங்களுக்காக ஒருவரும் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

என் பக்கத்து மேசைக்காரர் திருச்சிக்காரர். நாற்பது வயது, மனைவியும் பள்ளிக்குப் போகும் ஒரு மகளும் உண்டு, பிளாக்ஹவுஸ் பேயில் வாடகை வீடு. எங்கள் கம்பெனியின் பெயரில் கிடைத்த வேலை விசாவில் இருந்தார். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க இன்னும் சில மாதங்களே மிச்சம். அதற்குள் வேலை போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, ஏற்றுமதி விதிகள் பற்றி அரசாங்கத்திலிருந்து வரும் அறிவித்தல்களைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கையில் ஒரு அறிவித்தலோடு மானேஜரிடம் போனார். பெல்பாஸ்டுக்குப் போகும் இறைச்சிக்குப் பிரிட்டனின் சுகாதாரச் சான்றிதழ் செல்லாது, ஐரோப்பாவின் சான்றிதழ் வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மானேஜர் இங்கிலாந்தில் பிறந்து முப்பது வருடத்துக்கு முன் இங்கே வந்த மனிதர். சிரித்தார்.

"நான் பிறந்த நாட்டைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா? பெல்பாஸ்ட் எங்கள் ஊர். வேண்டுமென்றால் மேப்பைப் பார்."

திருச்சிக்காரர் அறிவித்தலை நீட்டினார். மானேஜர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. வழக்கம் போல அனுப்பு என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நான் இரண்டு எட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அதே அறிவித்தலை நானும் படித்திருந்தேன். திருச்சிக்காரர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயில் கொழுக்கட்டை. பிளாட் புஷ்ஷில் வாங்கிய வீட்டுக்கு மோர்ட்கேஜ் இருக்கிறது, மானேஜரின் வாய் பொல்லாதது, வெள்ளிக்கிழமையில் எதற்கு வம்பு. இப்படி மூன்று நியாயங்கள் எனக்கு நொடியில் கிடைத்தன.

கப்பல் போய்ச் சேர ஒன்றரை மாதத்துக்கு மேலானது. பெல்பாஸ்ட் துறைமுகத்தில் எங்கள் இறைச்சிப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்த சான்றிதழ் அங்கே செல்லாது. உறையவைக்காத இறைச்சி அது, பத்திரம் மாறி வரும் வரைக்கும் காத்திருக்காது. கடைசியில் அவ்வளவையும் அழித்தார்கள். எத்தனை ஆடுகள் என்று நினைத்துப் பார்க்கவே கூசியது. வாங்க இருந்தவன் போனில் கத்தினான், மேலிடம் மானேஜரிடம் கத்தியது, மானேஜர் சான்றிதழ் விண்ணப்பத்தின் அடியில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திருச்சிக்காரருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று இந்த நாட்டு வழக்கப்படி அதில் எழுதியிருந்தது. சாப்பாட்டு அறையில் என்னிடம் வந்து நின்றார்.

"அக்கா, நீங்க வர்றீங்களா?"

"வராமல்? அண்டைக்கு அந்தாள் சொன்னதெல்லாம் நான் அப்படியே சொல்லுவன்."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் மோட்டர்வே முழுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் வசனம் பேசிப் பார்த்தபடியே வந்தேன். என்றைக்கோ பேசியிருக்க வேண்டிய வாய்க்கு அன்றுதான் ரோஷம் வந்தது.

கண்ணாடிச் சுவர் போட்ட அறை. மேசையில் ஒரு பெட்டி டிஷ்யூ, அழுவோம் என்று முன்கூட்டியே தெரிந்தது போல. மனிதவளப் பெண்மணி இனிமையாகச் சிரித்து, என்ன நடந்தது என்று கேட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். அதற்குள் திருச்சிக்காரர் பேசிவிட்டார். தவறு என்னுடையது, நான் சரி பார்த்திருக்க வேண்டும், ராஜினாமா செய்கிறேன் என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பெண்மணி அவருடைய நேர்மைக்கு நன்றி சொன்னார். மானேஜர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் அவரை மறித்தேன்.

"ஏன் தம்பி உம்மட பிழையெண்டு சொன்னனீர்? உமக்கென்ன விசரே?"

"மானேஜர் நேத்து சாயந்திரமே கூப்பிட்டாருக்கா. நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா நல்ல லெட்டர் தர்றேன்னாரு. டிஸ்மிஸ்னு போட்டா அப்புறம் எவன் என்னை எடுப்பான்? விசாவை வேற கம்பெனிக்கு மாத்தணுமே."

"நான் என்ரை காதால கேட்டனான். இப்பவே உள்ள போய்க் கதைக்கிறன்."

"நீங்க கத்தலாம்கா, உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கு." அவர் கார்க் கதவைத் திறந்தார். "எங்களுக்கெல்லாம் கோவப்படுறதுக்கு விசா குடுக்கல."

அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நல்ல லெட்டர் மூன்று வரி. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை செய்தார், அவ்வளவுதான். எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. பள்ளி ஆண்டு முடிவதற்குள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். பிரிட்டனும் ஐரோப்பாவும் இதே காலத்தில் ஒன்றுக்கொன்று சலுகைக் காலம் கொடுத்தன. அது முடிந்தால் இன்னொன்று, அதுவும் முடிந்தால் நீட்டிப்பு. பிறகு புது உடன்பாடு, கைகுலுக்கல், படம். பெரிய நாடு கையெழுத்தை மதிக்காவிட்டால் அதற்குப் பெயர் பேச்சுவார்த்தை. திருச்சிக்காரன் மேலதிகாரி சொன்னபடி கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் குற்றம். தூ.

அந்தப் புது உடன்பாடு வந்த வாரம், திங்கட்கிழமைக் கூட்டத்தில் மானேஜர் உற்சாகமாக இருந்தார். பெல்பாஸ்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆட்கள் இனி நம்மிடம் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் சொன்னதை அவர் சொன்ன ஆங்கிலத்திலேயே சொன்னேன். மேப்பைப் பார் என்றதையும், நீட்டிய காகிதத்தை வாங்காததையும் சொன்னேன். தெரியாத ஆள் நீங்கள்தான் என்று முடித்தேன்.

மானேஜரின் கழுத்து சிவந்தது. சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்றார்.

கடிதம் வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன். சம்பளம் வந்தது, என் மேசை அங்கேயே இருந்தது, மானேஜர் காலையில் குட் மார்னிங் சொன்னார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே வாயைத் திறந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.