அடுப்புக் கம்பெனி எடுத்துக்கொண்ட சகாயசெல்வியின் முகம்

சகாயசெல்வி தேங்காய்ப்பட்டணத்தில் மீன் எடுத்து, அதைப் போட்ட அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புதுக்கடைப் பக்கம் வீடு வீடாக விற்கிறவள். எங்களுக்கு அடுத்த வீடு. புருஷன் கடலோடு போன பிறகு இருபது வருஷமாக இந்த நடைதான். மீன் சரியில்லை என்றால் அவளே சொல்லிவிடுவாள். "ஏட்டி, இது ஐஸ்ல மூணு நாள் கெடந்த அயிலை. பிள்ளைகளுக்குக் குடுக்காத, நாளைக்குக் கொண்டாறேன்" என்பாள். அதனால் அவளிடம் வாங்குகிறவர்கள் வேறு யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள்.

2013 கிறிஸ்துமஸுக்குக் குவைத்திலிருந்து வந்த மகன் லிஜோ, கண்ணாடித் தட்டு போட்ட கேஸ் அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தான். பெரிய கம்பெனி. பேரை எழுதி அதற்கு வேறு நான் விளம்பரம் செய்யப் போவதில்லை. அந்தக் கம்பெனி பேஸ்புக்கில் ஒரு போட்டி வைத்திருந்தது. அம்மாவை அடுப்புப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துப் போட வேண்டும், லைக் அதிகம் வாங்குகிறவருக்குப் பரிசு. நர்சிங் படிக்கிற மகள் ரெஜிஷா போட்டாள். கல்ஃபில் இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் அமுக்கினார்கள். பரிசாக ஒரு தோசைக்கல் வந்தது.

தோசைக்கல்லோடு விட்டார்களா? அவள் படத்தைத் தங்கள் பக்கத்தின் உச்சியில் வைத்து, 'இந்த அடுப்பைத் தவிர வேறெதையும் நம்பமாட்டேன் – சகாயசெல்வி அம்மா' என்று எழுதிக்கொண்டார்கள். அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. புதுக்கடையில் நாலைந்து பெண்கள், "அக்கா சொன்னா பின்னே என்ன பேச்சு" என்று அதே அடுப்பை வாங்கினார்கள்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு மத்தியானம் கண்ணாடி வெடித்தது. கொதித்த குழம்பு முழுக்க அவள் வலது காலில். பத்து நாள் ஆஸ்பத்திரி.

கட்டுப் போட்ட காலைப் படம் எடுத்து, அந்தப் போட்டோவுக்குக் கீழேயே ரெஜிஷா எழுதினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'வணக்கம் சகாயசெல்வி அம்மா! உங்கள் அனுபவம் எங்களுக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. நாங்கள் எப்போதும் உங்களோடு இருக்கிறோம். உங்கள் போன் நம்பரை எங்களுக்கு அனுப்புங்கள்.' கூடவே கூப்பின கை படம்.

"பேரு சொல்லி எழுதியிருக்கானுவ பாத்தியா" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். நம்பர் அனுப்பியும் யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் கடற்கரையில் எந்தக் காரியத்துக்கும் பங்குச் சாமியாரின் கடிதத்தைக் கொண்டுதான் போவோம். ஆஸ்பத்திரியானாலும் கலெக்டர் ஆபீஸானாலும் ஒரு கடிதமும் கோயில் சீலும் இருந்தால் ஆள் மதிப்பான். அந்தப் பழக்கத்தில், கம்பெனியின் பதிலைக் கம்ப்யூட்டர் கடையில் தாளில் எடுத்து, அடியில் கோயில் சீலும் போட்டு வாங்கிக்கொண்டு நாகர்கோவில் ஷோரூமுக்குப் போனோம். அந்த யோசனை என்னுடையதுதான்.

கவுண்டரில் இருந்த பையன் தாளைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, இது லெட்டர் இல்ல. பேஸ்புக்ல பதில் போட சென்னைல தனியா ஒரு ஆபீஸ் உண்டு. அவங்களுக்கும் அடுப்புக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்போ எனக்க பேரச் சொல்லி வருத்தப்பட்டது யாரு?"

"எல்லாருக்கும் அதேதான் போடுவாங்க. பேர மட்டும் மாத்துவாங்க."

"துக்க வீட்டுல கூலிக்கு அழ ஆளு வச்ச மாதிரியா?" என்றாள் சகாயசெல்வி. பையன் சிரிப்பை நிறுத்தினான். "எனக்குப் புது அடுப்பு வேண்டாம் மக்கா. அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லு. எனக்க மூஞ்சியப் பாத்து ஒவ்வொருத்தியா வாங்குதா. நாளைக்கு அவளுக்க பிள்ளை மேல வெடிச்சா?"

"அது எங்க கையில இல்லம்மா."

நாங்கள் பஸ்ஸில் திரும்பி வரும்போது ரெஜிஷா போன் செய்தாள். நாங்கள் எழுதியதை எல்லாம் கம்பெனிக்காரர்கள் அழித்துவிட்டார்கள், இனி எழுதவும் முடியாது. போட்டோ மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே புதுக்கடை பகவதி, 'எங்க மீன்கார அக்கா! நானும் வாங்கியாச்சு' என்று எழுதியிருக்கிறாள்.

புதுக்கடையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி சகாயசெல்வி இறங்கினாள், கூடவே நானும். நொண்டி நொண்டி பகவதி வீட்டுக்குப் போனாள். அடுப்பு பெட்டியிலிருந்து வெளியே வந்து அடுக்களையில் இருந்தது. அடுக்களையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துக் காட்டினாள். பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதானே நல்லதுன்னு..."

"நான் சொல்லலட்டி! அவனுவளா எழுதிக்கிட்டானுவ!" இருபது வருஷத்தில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

பகவதி அப்போதே சிலிண்டரை மூடினாள். அடுத்த ஒரு வாரம் சகாயசெல்வி சருவம் இல்லாமல் வெறுங்கையோடு வீடு வீடாக ஏறினாள். கேட்டவர்கள் கேட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும், "கம்பெனிக்காரன் தந்த பைசா பத்தலியா? இப்ப மாத்திப் பேசுதியே?" என்று கேட்டுவிட்டார்கள். வந்த பைசா ஒரு தோசைக்கல்தான். அவள் அடுத்த வீட்டுப் படி ஏறினாள்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கோபம் பாவம் என்று ஜெபமாலையோடு உட்காருகிறேன், பத்து மணி உருட்டுவதற்குள் அந்தக் கூப்பின கை படம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு ஏழையின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அவள் எழுதியதை அழிக்க ஆள் இருக்கிறது. அவள் காலைப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

அந்த மாதம் அவள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அங்கே பேசினதை அவளே வந்து சொன்னாள். மனசில் பகை இருக்கிறது என்றிருக்கிறாள். சாமியார், மன்னித்துவிடு மகளே என்றிருக்கிறார்.

"மன்னிக்கேன் சாமி. யாரை? ஒரு பேரு சொல்லுங்க."

சாமியாரிடம் பேர் இல்லை.