உபதேசியாரின் நம்பிக்கை

இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓரமாக, எங்கள் குடியேற்றத்தில், கிடுகு வேய்ந்த சின்னக் கத்தோலிக்கக் கோயில் ஒன்று இருந்தது. சுவாமி மாதத்தில் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரின் ராச்சியம்தான். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையும் தாழ்மையான ஒரு புன்னகையும் அவருடைய அடையாளங்கள். அந்தத் தாழ்மையைச் சனம் கவனிக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று புண்ணியங்களில் நடுவில் இருப்பதன்மேல்தான் அவருக்கு ஆசை அதிகம். மழை பொய்த்தால் நம்பிக்கை வை என்பார். பன்றி பயிரை உழக்கிவிட்டுப் போனாலும் நம்பிக்கை வை என்பார். அவருக்கு வயல் இல்லை.

நான் அங்கே அரசாங்க மருத்துவிச்சி. சனம் ‘மிஸி’ என்று கூப்பிடும். நானும் வேதக்காரிதான். சாகக் கிடக்கிற பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுக்க மருத்துவிச்சிக்கு அனுமதி உண்டு. ஆனால் பிள்ளைக்கு உயிர் இருக்க வேண்டும். உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கோயில் இடுகாடான சேமக்காலையில் குழி கிடையாது. வேலிக்கு வெளியே, நாயுண்ணிச் செடிப் பற்றைக்குள் புதைத்துவிட்டு வர வேண்டும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் செய்த ஒரு கமக்காரனின் மனைவிக்கு இரண்டு பிள்ளைகள் அப்படிப் பிறந்தன. இரண்டு முறையும் நான்தான் போயிருந்தேன். இரண்டாவதைத் தகப்பன் தன் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். உபதேசியார் சேமக்காலை வாசலில் வந்து நின்றார். ஆறுதல் சொல்ல அல்ல, அவன் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று.

அந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாளன்று எல்லாரும் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் கத்தியோடு வேலிக்கு வெளியே போய்ப் பற்றையை வெட்டினாள். புல் மூடிக் கிடந்த இரண்டு சிறு மேடுகளில் திரி ஏற்றிவிட்டுக் குந்தினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வேலிக்கு உள்ளே நின்று பேசினார் உபதேசியார்.

“பிள்ளை, அங்க கொளுத்திறது வீண். அதுகள் மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் நடுவில இருக்குதுகள். உன்ர செபம் போய்ச் சேராது. அதுகளை மறந்திட்டு, இனிப் பிறக்கப்போறதில நம்பிக்கை வை.”

“இதுகளில நம்பிக்கை வைக்கக் கூடாதோ, ஐயா?”

“கூடாது. வேதம் படிச்சவன் சொல்லுறன்.”

அவள் சுடரைக் கையால் மறைத்தபடி எழும்பாமலே சொன்னாள்: “எனக்கு வேதம் தெரியாது. செத்துப் பிறந்ததுகளை என்னால தள்ளி வைக்க ஏலாமல் கிடக்கு. என்னளவு இரக்கமாவது ஆண்டவருக்கு இருக்குமெண்டு நம்புறன். என்ர நம்பிக்கை அவ்வளவுதான்.”

அவர் தன்னுடைய தாழ்மையான புன்னகையைக் காட்டினார். அடுத்த ஞாயிறு, பெண்களின் ஆணவத்தைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் வைத்தார். அவள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். எனக்குத்தான் பற்றி எரிந்தது.

மறு வருடம் உபதேசியாரின் மகள் தலைப்பிரசவத்துக்கு முல்லைத்தீவிலிருந்து வந்தாள். நோவு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிள்ளை குறுக்கே கிடப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டில் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். “செபம் செய்யிறம், மிஸி. நம்பிக்கையா இருங்கோ” என்றார். அவருடைய நம்பிக்கைக்கு வலி இல்லை. வலியெல்லாம் உள்ளே பாயில் கிடந்தது. கடைசியில் மருமகன் மாமனாரைக் கேளாமலே வண்டில் கொண்டுவந்தான். பிந்திவிட்டது. வண்டில் வாசலுக்கு வருமுன்பே பிள்ளையை நான் கையால் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று, உயிரில்லாமல் பிறந்தது. தாயைக் காப்பாற்றினேன்.

குசினிப் பக்கம் கை கழுவிக்கொண்டு நின்றேன். உபதேசியார் வந்தார். புன்னகை இல்லாத அவர் முகத்தை அன்றுதான் கண்டேன்.

“மிஸி, தண்ணி வார்த்தனீங்கள்தானே?”

“இல்லை ஐயா. பிள்ளை உயிரோட பிறக்கேல்ல.”

“ஒரு மூச்செண்டாலும் இருந்திருக்கும். இருந்தது, தண்ணி வார்த்தன் எண்டு சுவாமியிட்டைச் சொல்லிவிடுங்கோ. சேமக்காலைக்குள்ள வைச்சிடலாம்.”

“வாய்க்காலுக்கு அங்காலப் பிள்ளையளுக்கும் அப்பிடிச் சொல்லியிருக்கலாமோ?”

“அது வேற” என்றார்.

அவர் படித்த வேதம் முழுவதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. இந்த மனுசனுக்காக என் நாக்கு எழும்பவில்லை. “நான் சொல்ல மாட்டன்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

பிள்ளையை அந்த இரண்டு மேடுகளுக்குப் பக்கத்தில்தான் புதைத்தார்கள். குழி வெட்டியவன் அந்தக் கமக்காரன். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை, தானாகவே மண்வெட்டியோடு வந்தான். உபதேசியார் வேலிக்கு உள்ளே செபப் புத்தகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு செபமாவது சொல்ல அவர் அன்று சொன்ன சட்டமே அவரை விடவில்லை. பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தபோது மகள் ஒரு திரியோடு வேலிக்கு வெளியே போனாள். முன்பே அங்கே குந்தியிருந்த கமக்காரனின் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். நானும் அவர்களோடு குந்தினேன்.

“அக்கா, ஞானஸ்நானம் இல்லாததுக்குப் பேர் வைக்கலாமோ?” என்று மகள் கேட்டாள்.

“நான் ரெண்டுக்கும் வைச்சிட்டன். செத்து அங்க போய்க் காணுற நேரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமே?”

மகள் தன் திரியை ஏற்றினாள். பிறகு மண்ணருகே குனிந்து ஒரு பெயரைச் சொன்னாள். அழுதாள்.

அவளுடைய தகப்பன் வேலிக்கு உள்ளே ஒரு பெரிய கல்லறையடியில் உரத்த குரலில் செபம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறும் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசினார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. மாதத்தில் ஒருமுறை சுவாமி வருகிற நாளில் மட்டும் போவேன். உபதேசியாரின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது.